உடும்புத் தோலும் புறம்போக்கும்

1

சங்கீதத்தையும் சுற்றுச்சூழலையும் ஒரே மூச்சில் பேசுகிற ஸ்தாபனங்கள் கடந்த இருபது வருஷங்களில் தமிழ்நாட்டில் தோன்றியிருக்கின்றன. பல கலாச்சாரங்களை ஒரு மேடையில் உட்கார வைப்பதும், கடல், ஆறு, காற்று இவற்றுக்காக அந்த மேடையைப் பேச வைப்பதும் இவற்றின் வேலை. இவற்றின் பின்னால் இருப்பவர்கள் யார் என்று கேட்டால் நம் விமர்சகர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பொழுது போகாத மேல்தட்டு மனசாட்சிக்காரர்கள் என்பது ஒன்று. சபாவில் சிறைப்பட்டிருந்த கலையை மக்களிடம் இறக்கிக் கொண்டுவந்த தியாகிகள் என்பது மற்றது. முதல் பதிலைச் சொல்கிறவர் சங்கீதத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார். இரண்டாவதைச் சொல்கிறவர் மக்களைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

இருவரும் பார்ப்பது மேடையில் நிற்பவரை மட்டுமே. 'பின்னால்' என்ற சொல்லை இருவருமே விசாரிக்கவில்லை. பாடகருக்குப் பின்னால் ஒரு மிருதங்கம் இருக்கிறது. மிருதங்கத்துக்குப் பின்னால் தோல். தோலுக்குப் பின்னால் ஒரு மாடு, ஒரு ஆடு. மிருகம் தோலாகி, தோல் நாதமாகும் வழியில் கையில் உளியும் வாரும் பிடித்த ஒரு மனிதன். இந்த வரிசை கண்ணில் படாதவரை 'யார் பின்னால் இருக்கிறார்கள்' என்பது வெறும் வம்புக் கேள்விதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கீதம் சூழலைப் பாடுபொருளாக எடுத்துக்கொள்வதில் பெருமையும் இல்லை, சிறுமையும் இல்லை. பாடினாலும் பாடாவிட்டாலும் சூழல் ஏற்கெனவே அதன் மூலப்பொருளாக இருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட ஒரு ஸ்தாபனத்தை அது எந்தக் கடலைப் பாடியது என்று பார்த்து மதிப்பிட முடியாது. தன் வாத்தியத்தின் கணக்கை எவ்வளவு தூரம் எழுதத் துணிந்தது என்று பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

2

எளிதான உதாரணத்திலிருந்து ஆரம்பிக்கலாம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி. அதற்குப் பிறகு சென்னையைச் சேர்ந்த எர்த்சிங்க் என்ற இசை நிறுவனம், சுனாமி தாக்கிய ஆறு நாடுகளுக்கு — இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மியான்மர், தாய்லாந்து, இந்தோனேஷியா — ஒலிப்பதிவுக் கருவிகளோடு போய், கரையோர மக்களின் பாட்டுகளையும் வாத்தியங்களையும் பதிவு செய்தது. ஸ்டுடியோவில் அவற்றை இழைத்து 2007-இல் 'லயா ப்ராஜெக்ட்' என்ற பெயரில் படமாகவும் இசைத்தட்டாகவும் வெளியிட்டது. பெயரிலேயே பூமி இருக்கிற நிறுவனம், பல நாட்டு இசை, கடல். நாம் பேசுகிற வகைக்கு இதைவிடக் கச்சிதமான மாதிரி கிடைக்காது.

அந்தப் பதிவுகள் அழகானவை. பிழைத்தவர்களின் குரலைப் பிழைத்தவர்களின் வாயாலேயே கேட்க வைத்தவை. இதை மறுக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. நான் சுட்டிக்காட்டுவது வேறு. சுனாமி என்பது பிரதிவாதி இல்லாத வழக்கு. கடலின் அடியில் பூமி புரண்டது; அதற்கு யாரையும் கூண்டில் ஏற்ற முடியாது. யாரையும் ஏற்ற வேண்டியதில்லை என்னும்போது எல்லோரும் ஒரே பக்கம் நிற்கலாம். ஆறு நாட்டுக் குரல்களும் ஒரு தாளத்தில் இணைவது அங்கே சாத்தியம். அது ஒரு உண்மையான ஆறுதலும்கூட. ஆனால் ஆறுதல் என்பது கலையின் பல காரியங்களில் ஒன்று. கலாச்சாரங்களின் சங்கமம் என்று நாம் கொண்டாடுவது பெரும்பாலும் இப்படிப் பிரதிவாதி இல்லாத இடங்களில் மட்டுமே நடக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ணீர் வரும்போது கலாச்சாரங்கள் கைகோக்கின்றன. புகைபோக்கியின் உரிமையாளர் யார் என்ற கேள்வி எழும்போது கைகள் விடுபடுகின்றன.

இப்படிச் சொல்வதால் அந்த நிறுவனத்தின் பின்னால் இருந்தவர்களை நான் குறைத்துவிடவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயத்தின் எல்லை அது. அந்த எல்லையையே சூழல் கலையின் சிகரமாகக் காட்டுகிறவர்களோடுதான் என் சண்டை.

3

இரண்டாவது உதாரணத்தில் பிரதிவாதி இருக்கிறார்.

2015-இல் சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பமான ஊரூர்-ஆல்காட் குப்பத்தில் ஒரு விழா தொடங்கியது. அதன் பின்னால் இருந்தவர்களில் இருவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்: கர்நாடக சங்கீத வித்வான் டி.எம். கிருஷ்ணா, சூழல் போராளி நித்யானந்த் ஜெயராமன். கர்நாடக இசை, பரதநாட்டியம், பறையாட்டம், வில்லுப்பாட்டு, கூத்து ஆகியவை ஒரே மணலில் நடந்தன. அடுத்து 2017 ஜனவரியில் 'சென்னை புறம்போக்குப் பாடல்' வந்தது. கபேர் வாசுகி எழுதினார்; ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்தார். எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பல் படிந்த கரையில் கிருஷ்ணா பாடினார்.

இந்தப் பாடலை எதிர்த்துச் சொல்லப்பட்டவை இரண்டு. கர்நாடக சங்கீதத்துக்கு இந்தப் பேச்சு மொழி ஆகாது என்றார்கள் சபாக்காரர்கள். அவர்களை விட்டுவிடலாம். தியாகராஜர் தெலுங்கில் பாடியதன் அர்த்தம் தெரியாமலே தலையாட்டிப் பழகியவர்கள், வார்த்தை முதல் தடவையாகப் புரிந்தபோது அதிர்ச்சி அடைந்திருக்கிறார்கள். அந்த அதிர்ச்சியே பாட்டுக்குக் கிடைத்த முதல் வெற்றி.

நான் பதில் சொல்ல வேண்டியது சிறுபத்திரிகை வட்டாரத்தில் எழுந்த இரண்டாவது முணுமுணுப்புக்கு: இது பிரச்சாரம், கோஷம், உள்ளடக்கத்துக்காக உருவத்தைப் பலி கொடுத்தது. எங்கோ கேட்ட குரல் இது. 1971-இல் கோவையிலிருந்து 'வானம்பாடி' வந்தபோது, 'எழுத்து', 'கசடதபற' வழி வந்தவர்கள் சொன்ன அதே வார்த்தைகள். வானம்பாடிக் கவிதைகளில் பெரும்பகுதிக்கு அது பொருந்தியது என்றே நானும் நினைக்கிறேன். அங்கே சொல் ஏற்கெனவே தயாராக இருந்தது; கவிஞர் அதற்கு மாலை போட்டார். அந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்து வந்து இந்தப் பாட்டின் மேல் ஒட்டுவது சோம்பேறித்தனம்.

ஏனென்றால் இந்தப் பாட்டில் நடந்திருப்பது ஒரு சொல்லின் மேல் செய்யப்பட்ட வேலை. 'புறம்போக்கு' என்பது வருவாய்த்துறையின் சொல். தீர்வை விதிக்கப்படாத, தனியார் பட்டாவுக்கு வெளியே நிற்கிற நிலம்: ஏரி, ஓடை, மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு, கடற்கரை. ஊருக்கே சொந்தமானது, அதனாலேயே ஒருவருக்கும் சொந்தமில்லாதது. இதே சொல் எப்படியோ வசவாக மாறியது. எதற்கும் உதவாத மனிதன் புறம்போக்கு. நான் பார்க்கும் குமாஸ்தா வேலையில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான்: அடமானத்துக்கு ஆகாதது. கடன் மேசைக்கு வருகிறவர் கையில் பட்டா இல்லையென்றால் அந்த நிலத்தில் எத்தனை தலைமுறை மாடு மேய்த்திருந்தாலும் எங்கள் ரிஜிஸ்டரில் அது பூஜ்யம். வருவாய்த்துறை, வங்கி, தெருச் சண்டை ஆகிய மூன்றும் சேர்ந்து கெடுத்துவைத்த ஒரு சொல்லை, சபா பல தலைமுறைகளாகப் புனிதப்படுத்தி வைத்த ராகங்களின் மேல் ஏற்றியபோது இரண்டுமே நிறம் மாறின. வசவு நிலமாயிற்று. ராகம் சேறு பூசிக்கொண்டது. இது உருவத்தில் நடந்த காரியம். உருவவாதிகள் எழுந்து நின்று வரவேற்றிருக்க வேண்டிய காரியம். அவர்களோ பாட்டின் தலைப்பைப் படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

பாட்டு பாடி என்ன ஆயிற்று என்று கேட்பவரும் உண்டு. எண்ணூர் தப்பவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியின் எண்ணெய் கழிமுகம் முழுக்கப் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் உரத் தொழிற்சாலையொன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஆனால் இதற்கு எதிர்ப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் பற்றி 2015-இல் சோபியா அஷ்ரப் ஒரு ஆங்கில ராப் பாடினார். அமெரிக்கப் பாட்டு மெட்டில் சென்னைப் பெண்ணின் கோபம். கலாச்சாரக் கலப்பு என்றால் இதுவும்தான். 2016 மார்ச்சில் ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. பல வருஷ வழக்கும், தொழிலாளர்களின் போராட்டமும் சாதித்ததைப் பாட்டின் பெயரில் எழுதுவது அயோக்கியத்தனம். பாட்டுக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்வதும் அதே ரகம்தான். கலை தீர்ப்பு எழுதுவதில்லை. வழக்கை மறக்க விடாமல் பார்த்துக்கொள்கிறது.

பாட்டைப் புகழ்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'கிருஷ்ணா குப்பத்துக்குப் போனார்' என்பதே அவர்களுடைய விமர்சனத்தின் முதலும் முடிவும். குப்பத்து மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். அவர்கள் எங்கும் போகவில்லை என்பதால் செய்தியிலும் இல்லை. எழுதிய கபேர் வாசுகியின் பெயர்கூட இவர்கள் வாயில் இரண்டாம் மூச்சில்தான் வருகிறது. ஒரு மனிதரின் இறங்கி வருதலைப் பற்றிய கதை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், அது மேலே-கீழே என்ற படிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு சொல்லப்படுகிற கதை. விழாவின் பின்னால் இருந்தவர்கள் உடைக்க நினைத்தது அந்தப் படிக்கட்டை. ரசிகர்களோ படிக்கட்டுக்குப் பொட்டு வைத்துப் பூப்போடுகிறார்கள்.

சுனாமியில் பிரதிவாதி இல்லை. எண்ணூரில் இருக்கிறார், ஆனால் அவர் வெளியே இருக்கிறார் — அனல்மின் நிலையமாக, எண்ணெய் ஆலையாக. பிரதிவாதி சங்கீதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால்? அதைப் பேசுவதற்கு எண்ணூரைவிடப் பொருத்தமான இடம் புதுக்கோட்டை.

4

கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்காருகிற கஞ்சிரா புதுக்கோட்டை தந்த வாத்தியம். பஜனையில் தட்டப்பட்டு வந்த ஒரு கைப்பறையைத் திருத்தி, கச்சேரி மேடைக்குத் தகுதியாக்கியவர் என்று 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளையைச் சொல்கிறோம். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. பழனி முத்தையா பிள்ளை வழியாகப் பழனி சுப்பிரமணிய பிள்ளைவரை நீண்ட புதுக்கோட்டைப் பாணி என்பது கணக்கின் பாணி, லயத்தின் கறார். இந்தச் சின்ன வாத்தியம் உலகம் சுற்றியிருக்கிறது. ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழு 2024-இல் கிராமி விருது வாங்கியபோது அந்தக் குழுவில் செல்வகணேஷின் கஞ்சிராவும் இருந்தது. கலாச்சாரங்களின் சங்கமம் என்று மேற்கு நாடுகள் கைதட்டும் இசையில் நம் மாவட்டத்தின் பங்கு இது.

இனி அந்த வாத்தியத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு சாணைவிட அகலம் குறைவான பலாமர வளையம். அதில் ஒரு துளை, துளையில் சிறு உலோகத் தகடுகள். ஒரு பக்கம் மட்டும் இழுத்து ஒட்டிய தோல். வழிவழியாக அந்தத் தோல் உடும்பினுடையது. கொஞ்சம் தண்ணீர் தடவி நனைத்தவுடன் சுருதி இறங்கி, இடதுகை விரல் அழுத்தத்துக்கு வளைந்து கொடுத்து, 'கும்' என்று சறுக்குகிற அந்தக் கமகம் அந்தத் தோலின் மெல்லிய தன்மையிலிருந்து வந்தது. ரசிகர்கள் தெய்வீகம் என்று தலையாட்டிய நாதத்துக்கு ஒரு பிராணியின் உடற்கூறுதான் அடிப்படை.

உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியோடும் யானையோடும் ஒரே வரிசையில். அதை வேட்டையாடினால் 3 வருஷங்களுக்குக் குறையாத சிறை. சரியான சட்டம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தச் சட்டம் யார் கையில் விலங்கு மாட்டும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பொட்டல் காட்டில் நாயோடு திரிகிற ஏழை பிடிபடுவான். நாதத்தை அனுபவித்தவன் பிடிபடமாட்டான். நூறு வருஷத்துக்கு மேல் ஒரு பிராணியின் தோலை ஒரு கலை கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டவர்களின் பெயர்கள் சங்கீத சரித்திரத்தில் இருக்கின்றன. பிடித்துக் கொடுத்தவனின் பெயர், இருந்தால், கோர்ட் கட்டில் இருக்கும்.

இன்று ஆட்டுத் தோல் கஞ்சிரா இருக்கிறது, செயற்கைத் தோல் கஞ்சிரா இருக்கிறது. வித்வான்கள் அவற்றைப் பழக்கிக்கொண்டும் வருகிறார்கள். ஆனால் விமர்சகர்களின் காது இன்னும் பழைய காதுதான். புதிய தோலின் ஒலியை எழுதும்போது 'கிட்டத்தட்ட அதே மாதிரி' என்கிறார்கள். எதன் மாதிரி? உடும்பு இன்னும் அளவுகோலாக உட்கார்ந்திருக்கிறது. சட்டம் தோலை மாற்றிவிட்டது. ரசனையை மாற்றுவது விமர்சகனின் வேலை, அதை அவன் செய்யவில்லை. ஆட்டுத் தோலுக்கென்று ஒரு நாதம் உண்டு, அதன் வறட்சிக்கும் கனத்துக்கும் தனி அழகு உண்டு என்று எழுதுகிற ஒரு காதுக்காக நான் காத்திருக்கிறேன். அப்படி எழுதப்படும் பத்து வரி, பத்து சூழல் விழாக்களைவிட உடும்புக்கு நல்லது செய்யும்.

தோல் மட்டுமல்ல, மரமும் இந்த மண்ணினுடையது. பலா என்றால் ஆலங்குடி, வடகாடு, நெடுவாசல் பக்கம். 2017 பிப்ரவரியில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக ஊர் உட்கார்ந்ததே, அது பலாத் தோப்புகளுக்கு நடுவில். அடுத்த வருஷம் நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் பலாவையும் தென்னையையும் வேரோடு சாய்த்தது. 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் மாவட்டத்தின் ஒரு பகுதிக்குக் காவல் தந்தது. மற்றொரு பகுதியில் வனத்தோட்டக் கழகத்தின் தைலமரம் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று விவசாயிகள் இன்றுவரை சண்டை போடுகிறார்கள். வீணையும் பலா, மிருதங்கமும் பலா, கஞ்சிராவும் பலா. தைலமரத்தில் வாத்தியம் கடைய முடியாது. இதைச் சொல்ல ஒரு சங்கீத ஸ்தாபனத்துக்குப் புதிதாகக் கொள்கை எதுவும் வேண்டாம். தன் வாத்தியத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

5

மரத்துக்கும் தோலுக்கும் அடியில் கல் இருக்கிறது.

புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் குடுமியான்மலை. அங்குள்ள குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் பல்லவ கிரந்த எழுத்தில் இசைக் கல்வெட்டு. 7-ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகச் சொல்கிறார்கள். மகேந்திரவர்மனுடையதா இல்லையா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே தகராறு உண்டு. ஸ்வரங்களை நான்கு நான்காகக் கட்டி, ஏழு பகுதிகளாகப் பிரித்து, மாணவர்களின் நன்மைக்காக ருத்ராசாரியரின் சீடனான ஒரு அரசன் செய்து வைத்தது. சங்கீதக்காரர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

திருமயத்திலும் ஒரு இசைக் கல்வெட்டு இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் அங்குள்ள சைவ, வைணவக் கோயில்களுக்கு இடையே வருமானப் பங்கீட்டில் தகராறு. 1245-இல் ஹொய்சாளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கரின் முன்னிலையில் அது தீர்ந்தது. தீர்ப்பை எழுத இடம் வேண்டியிருந்தது. பாறையில் இருந்த ஸ்வரங்களைச் செதுக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் தீர்ப்பைப் பொறித்தார்கள். இன்று அங்கே எஞ்சியிருப்பவை பழைய இசைச் சொற்களின் சில துணுக்குகள். நம் கலாச்சார சரித்திரத்தில் இதைவிட நேர்மையான காட்சி எனக்குத் தெரியாது. நில வருமானக் கணக்கும் சங்கீதமும் ஒரே பாறைக்குப் போட்டியிட்டபோது எது ஜெயித்தது என்பது கல்லிலேயே எழுதியிருக்கிறது.

ஏறக்குறைய எட்டு நூற்றாண்டு கழித்து அதே திருமயம் வட்டாரம். சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றி அதிகாரிகளிடம் விடாமல் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரி 17-ஆம் தேதி லாரி மோதி இறந்தார். முதலில் விபத்து என்று பார்க்கப்பட்டது பிறகு கொலை வழக்காயிற்று, கைதுகள் நடந்தன. குடுமியான்மலை பாதுகாக்கப்பட்ட சின்னம். அதற்கு வேலி உண்டு, பலகை உண்டு. எழுத்து இல்லாத பக்கத்துக் குன்றுக்கு வேலி கிடையாது. எழுத்துள்ள பாறை பாரம்பரியம், எழுத்தில்லாத பாறை ஜல்லி என்ற இந்தப் பாகுபாட்டைச் செய்தது யார்? குவாரிக்காரர் மட்டுமா? கல்வெட்டின் முன் படமெடுத்துக்கொண்டு, வருகிற வழியில் பாதி அறுக்கப்பட்ட மலையைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிற நம் கலா ரசனையும்தான்.

ஜகபர் அலி சங்கீதக்காரர் அல்ல. அவர் எந்த விழாவின் பின்னாலும் இருந்தவர் அல்ல. ஆனால் இசையும் சூழலும் பற்றிப் பேசுகிற ஒரு ஸ்தாபனம் புதுக்கோட்டைக்கு வந்தால், தன் 'பின்னால் இருப்பவர்கள்' பட்டியலை அவர் பெயரை விட்டுவிட்டு எழுத முடியாது.

6

இதற்கெல்லாம் நமக்கு வெளியிலிருந்து தத்துவம் இறக்குமதியாக வேண்டிய அவசியமில்லை. தொல்காப்பியம் ஒரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது அந்த நிலத்து மரம், விலங்கு, பறவை, உணவு, தொழில், தெய்வம் இவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று மார்தட்ட ஒரு கூட்டம் கிளம்பும். அவர்கள் உட்காரலாம். அது பெருமைப் பட்டியல் அல்ல. வாத்தியத்தை மிருகத்தோடும் மரத்தோடும் தொழிலோடும் ஒரே வரியில் வைத்த பட்டியல். வாத்தியத்தை மட்டும் அந்த வரியிலிருந்து உருவி எடுத்துச் சபாவில் பட்டுத் துணி விரித்து வைத்தவர்களும் தமிழர்கள்தான். தொழிலைச் சேரிக்கு அனுப்பியவர்களும் அவர்களே.

இந்த வரியை மறுபடி கட்டுகிற வேலை தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். விழாவை நடத்திய அதே கிருஷ்ணா 2020-இல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகத்தை எழுதினார். தஞ்சாவூரின் செபாஸ்டியன், பாலக்காடு மணி அய்யருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து என்று பெயர்கள் முதல் தடவையாகப் பொது வெளிக்கு வந்தன. பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். மாட்டுத் தோல் இல்லாமல் மிருதங்கம் இல்லை என்ற எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் அச்சில் ஏறியது. வெளியீட்டுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்த கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் அனுமதியைத் திரும்பப் பெற்றது. எண்ணூர்ப் பாட்டுக்கு வராத பதற்றம் இந்தப் புத்தகத்துக்கு வந்தது கவனிக்கத் தக்கது. பிரதிவாதி வெளியே இருந்தவரை ஸ்தாபனங்கள் பொறுத்துக்கொண்டன. உள்ளே கை நீண்டதும் கதவு சாத்தப்பட்டது. எந்தப் பாதை சரியான பாதை என்பதற்கு அந்தச் சாத்திய கதவே அத்தாட்சி.

ஆனால் புத்தகம் ஒரு மனிதரின் காரியம். ஸ்தாபனங்களின் காரியமாக அது இன்னும் மாறவில்லை. ஊர்விழாவும் கடற்கரைக் கச்சேரியும் நடத்துகிறவர்கள், மேடைக்கு யார் யாரை அழைத்தோம் என்பதில் காட்டுகிற சிரத்தையை, வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதிலும் காட்ட வேண்டும். மானாமதுரைக் கடம் எந்தக் கண்மாய் மண்ணில் பிசைந்தது, அந்தக் கண்மாயில் இன்று மண் எடுக்க முடிகிறதா? நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் ஆச்சா உத்தரங்கள் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும்? திருவாவடுதுறைச் சீவாளிக்கு வேண்டிய நாணல், மணல் அள்ளிய ஆற்றங்கரையில் முளைக்குமா? சூழல் பற்றிய பாட்டு எழுதுவதைவிடக் கடினமான கேள்விகள் இவை. பதில் சொன்னால் கைதட்டல் கிடைக்காத கேள்விகள்.

செய்ய வேண்டியதை ஸ்தூலமாகவே சொல்கிறேன். கச்சேரி நோட்டீசில் பாட்டு, வயலின், மிருதங்கம், கஞ்சிரா என்று பெயர்கள் அச்சாகின்றன. அதன் கீழே இன்னும் மூன்று வரிகள் வேண்டும்: மரம் எந்த ஊர், தோல் எந்த மிருகம், வேலை யாருடையது. இது என்ன சங்கீத நோட்டீசா, தோல் மண்டி ரசீதா என்று கேட்பார்கள். ரசீதுதான். வாங்கியதற்கு ரசீது கொடுப்பது நாகரிகம். மூன்றாவது வரியில் வருகிறவருக்கு மேடையில் நாற்காலியும், அமைப்புக் குழுவில் ஓட்டும் இருக்க வேண்டும். பொன்னாடை போர்த்தி இறக்கிவிடுவது போதாது. அந்த மூன்று வரிகளை அச்சிட ஒப்புக்கொள்ளும் ஸ்தாபனம், அதற்குமேல் கடலைப் பாடினாலும் சரி, கல்யாணியை மட்டும் பாடினாலும் சரி, சூழல் ஸ்தாபனம்தான். மறுக்கிற ஸ்தாபனம் எந்தக் கழிமுகத்தில் போய்ப் பாடினாலும் அது சபாதான். கூரை மட்டும் இல்லை.